வாசலில் நொச்சி வைக்கலாமா? தண்ணீர் குறைந்த வீட்டுக்கு மணமுள்ள நாட்டுச் செடிகள்

வைப்பாற்றங்கரை (சாத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்வாசலில் முப்பதுக்கு இருபது அடி இடம் இருக்கிறது. வீடு கட்டியபோது புல்தரை போட்டு, ஓரத்தில் குரோட்டன்ஸும் இட்லிப்பூவும் வைத்துக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இந்தச் சித்திரையில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டுவிட்டது. குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும்போது புல்லுக்கு ஊற்ற மனம் வரவில்லை. வைகாசி முடிவதற்குள் புல் தேங்காய் நார்போல ஆகிவிட்டது. குரோட்டன்ஸ் வெறும் குச்சியாக நிற்கிறது.

அதே வெயிலில், பின்சுவருக்கு வெளியே யாரும் நடாத, யாரும் தண்ணீர் காட்டாத ஒரு நொச்சி தலைக்கு மேல் வளர்ந்து நீலக் கதிராகப் பூத்திருக்கிறது. ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது கிளையை ஒதுக்கினேன். கையில் ஒட்டிய மணம் இரவுச் சாப்பாடு வரை போகவில்லை. வாசல் முழுவதையும் இப்படிப்பட்ட செடிகளாலேயே நிரப்பினால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. இலையைத் தொட்டால் மணக்க வேண்டும், ஆடு கடிக்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. "வேலியில் நிற்பதை யாராவது வாசலில் கொண்டுவந்து வைப்பார்களா?" என்கிறார்.

எங்கள் மண் கரிசல். மழை ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். நொச்சி, விராலி, மரிக்கொழுந்து, ரோஸ்மேரி, லாவண்டர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எது நிற்கும், எது நிற்காது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்மேடு (புதுக்கோட்டை)

தம்பி, பட்டியலில் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

மரிக்கொழுந்து மணத்தில் ராணிதான், ஆனால் அது ஒரு பருவத்துப் பயிர். ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் தழைக்கும், அறுவடையோடு அதன் ஆயுளும் முடிந்துவிடும். தொட்டியில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு அது எலும்பாக இருக்காது.

விராலியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டு ஆண்டுகளாக அதோடுதான் வாழ்கிறேன். எங்கள் பக்கத்துப் பொட்டல்களில், சரளை மேட்டில், வேறு எதுவும் நிற்காத இடத்தில் அது நிற்கும். விராலிமலை என்ற பெயருக்கே இந்தச் செடியைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. இலை நீளமாக, வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும். விரலால் தேய்த்தால் பிசின் ஒட்டும். இலையின் ஈரம் வெளியேறாமல் அந்தப் பிசின் பார்த்துக்கொள்கிறது. ஆடும் மாடும் வாய் வைக்காததற்கும் அதுவே காரணம். வெயில் ஏறும்போது பக்கத்தில் நின்றால் குங்கிலியத்தையும் எலுமிச்சைத் தோலையும் சேர்த்து வைத்ததுபோல ஒரு வாடை வரும்.

அழகு பூவில் இல்லை, காயில் இருக்கிறது. பூ கண்ணிலேயே படாது. காய்க்கு மெல்லிய காகிதம்போல மூன்று இறக்கைகள் உண்டு. வெளிர்பச்சையாகத் தொடங்கி, இளஞ்சிவப்பாகி, கடைசியில் செம்பு நிறமாகும். காற்றடித்தால் சலசலக்கும். ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே ஒரு கன்று வைத்துவிட்டுக் காய்க்கவில்லையே என்று வருந்தாதீர்கள். ஐந்தாறு கன்றுகளைச் சேர்த்து நடுங்கள்.

விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்காமல் கிடக்கும். கொதித்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு மறுநாள் விதையுங்கள். ஊறிப் பருத்தவை முளைக்கும், பருக்காதவற்றுக்கு இன்னொரு முறை சுடுநீர் காட்டுங்கள்.

கரிசல் என்கிறீர்கள். அங்கேதான் எனக்குப் பயம். விராலிக்கு வறட்சி பொருட்டே இல்லை, தேங்கிய தண்ணீர்தான் எமன். குழியில் நடாதீர்கள். முழங்கால் உயரத்துக்குச் சரளையும் செம்மண்ணும் கலந்து மேடு கட்டி, அதன் மேல் நடுங்கள்.

மாடிவீடு (மதுரை)

லாவண்டர் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், மூன்று முறை வாங்கி மூன்று முறையும் இழந்தவள். நாற்றங்காலில் "வெயில் தாங்கும் செடி அம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது தாங்குவது மத்திய தரைக்கடல் வெயில். அங்கே கோடையில் காற்று காய்ந்திருக்கும், இரவு குளிரும், மழை குளிர்காலத்தில்தான் வரும். நமக்கோ இரவும் புழுங்குகிறது. ஐப்பசி அடைமழையில் பத்து நாள் ஈரத்தில் நின்றதும் அடியிலிருந்து கறுத்து அழுகிவிட்டது. ரோஸ்மேரி ஒன்றரை ஆண்டு இழுத்துக்கொண்டு கிடந்து அதுவும் போய்விட்டது. ஊட்டிப் பக்கம் செழிப்பாக வளர்வதைப் பார்த்துவிட்டு மதுரையில் ஆசைப்பட்டது என் பிழை.

அந்தத் தொட்டிகளில் இப்போது திருநீற்றுப்பச்சையும் நாய்த்துளசியும் நிற்கின்றன. நாய்த்துளசியைக் கஞ்சாங்கோரை என்றும் சொல்வார்கள், காலிமனைகளில் தானாக முளைப்பது. ஒரு முறை விதை விழுந்தால் அடுத்த மழைக்கு அதுவே எழுந்து வரும். காலை ஏழு மணிக்கு அதன் பூவில் தேனீ மொய்ப்பதைப் பார்க்கவே நான் மாடிக்குப் போகிறேன்.

கொங்குவேலி (காங்கேயம்)

ஒரு செடியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கிளுவை.

எங்கள் பக்கம் கொரங்காடு என்று மேய்ச்சல் நிலம் உண்டு. கொழுக்கட்டைப்புல் தரை, ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. மழை 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். தாத்தா காலத்து வேலி இன்றும் நிற்கிறது. போத்து வெட்டி ஊன்றினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும்.

மணத்துக்கு வருகிறேன். கிளுவையும் வெள்ளைப்போளம் என்ற நறும்பிசின் தரும் மரமும் குக்கில் பிசின் தரும் செடியும் ஒரே பேரினம். எங்கள் கிளுவைக் குச்சியை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சைப் பட்டைக்கு அடியிலிருந்து மாங்காய்ப் பாலையும் சாம்பிராணியையும் நினைவூட்டும் வாசனை வரும். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறும் கிளையாக நிற்கும். மெல்லிய தோல் உரிந்து, உள்ளே பச்சைத்தண்டு மின்னும். முதல் மழைக்கு நான்கைந்து நாளில் துளிர்த்துவிடும். சுற்றுச்சுவருக்குப் பதிலாக இடுப்பளவுக்குக் கத்தரித்த கிளுவை வேலி வைத்துப் பாருங்கள், அதற்கு ஈடான அலங்காரம் வேறில்லை. முள் இருப்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கம் மட்டும் வேண்டாம்.

பசுமைவாசல் (கோயம்புத்தூர்)

தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். எல்லோரும் பாராட்டும்போது மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் கேட்டவர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நொச்சி ஓடைக்கரைச் செடி. வறட்சியைத் தாங்கும் என்பது சரி, ஆனால் எப்படித் தாங்குகிறது? இலையைக் கொட்டித் தாங்குகிறது. சாத்தூர்காரர் சுவருக்கு வெளியே பார்த்த செடியின் வேர், அநேகமாக அவர் வீட்டுக் கழிவுநீர் ஈரத்தைத் தேடிப் போயிருக்கும். அதை நம்பி வாசலில் நட்டால் முதல் கோடையில் ஏமாந்துவிடுவார். மேலும் நொச்சி தன் போக்கில் வளர்ந்தால் கீழே மொட்டையாகவும் மேலே பரட்டையாகவும் ஆகிவிடும். கிளுவை ஆண்டில் பாதி நாள் இலையில்லாமல் நிற்கும். விராலியில் பூ தெரியாது. பணம் கொடுத்துத் தோட்டம் போடுபவர் பன்னிரண்டு மாதமும் பச்சையும் பூவும் கேட்கிறார். இவற்றை வைத்துவிட்டு "மணக்கிறதே" என்று நான் சொன்னால், "மணம் படத்தில் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். இது என்னிடம் உண்மையாகவே கேட்கப்பட்ட கேள்வி.

செம்மண்மேடு (புதுக்கோட்டை)

ஐயா, ஓடைக்கரை பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். முதல் இரண்டு கோடைக்கு நொச்சியைக் கைப்பிடித்து நடத்த வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரு குடம், அடிவரை இறங்கும்படி நின்று நிதானமாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், அப்புறம் காலமெல்லாம் நம் கையை எதிர்பார்க்கும். மூன்றாம் கோடையில் நிறுத்திவிடலாம்.

பரட்டையாவது கத்தரிக்காததால். ஆடியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுங்கள். நொச்சிக் குச்சியில் கூடை முடைகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் இது. வெட்டிய கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து புதுக் குச்சிகள் நேராக எழும்பும், மழைக் காலத்தில் புதர் அடிவரை நிறைந்துவிடும். அந்தப் புதுத் தளிரின் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல வெளுத்திருக்கும். காற்றில் புதர் முழுவதும் ஒரே நேரத்தில் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறும். மூன்றும் ஐந்துமாகப் பிரிந்த அந்த இலையை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டிருக்கிறார் சங்கப் புலவர் ஒருவர். வீட்டுக்கு அருகில் நின்ற நொச்சி அது, நள்ளிரவில் அதன் பூ உதிரும் ஓசையைக் கேட்டு விழித்திருக்கிறாள் அந்தப் பாட்டின் பெண். தம்பி, இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். வீட்டுப் பக்கத்தில் நொச்சி நின்ற ஊர் நம் ஊர். வேலிக்குத் தள்ளியவர்கள் பின்னால் வந்த நாம்.

நொச்சியின் நெருங்கிய உறவினச் செடி ஒன்று மத்திய தரைக்கடல் கரையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற வறண்ட பகுதிகளில் அதை அலங்காரத்துக்கென்றே விலை கொடுத்து வாங்கி வாசலில் நடுகிறார்கள். அதே நீலக் கதிர், அதே விரல் விரலான இலை.

மணம் படத்தில் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் செடியைக் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நடுவதைவிடக் கைக்கு எட்டும் இடத்தில் நடச் சொல்கிறேன். கேட்டைத் திறக்கும்போது உரசும் இடம், செருப்பு விடும் படி, சன்னலுக்கு வெளியே காற்று வருகிற பக்கம். தோட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தால் எந்த மணச்செடியும் வீண்தான்.

அடையாற்று நிழல் (சென்னை)

குறுக்கே ஒரு கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மாநகராட்சி, கொசுவை விரட்டும் என்று நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்கு வழங்கியது. எங்கள் தெருவில் அதில் ஒன்று மட்டும் பிழைத்துப் பெரிதாகியிருக்கிறது. கொசுவும் இருக்கிறது. நொச்சிக்கு அந்தக் குணம் உண்டா, இல்லையா?

இலையும் இறகும் (விழுப்புரம்)

இலையில் இருக்கும் எண்ணெய்க்கு உண்டு. செடி சும்மா நின்றால் அந்த எண்ணெய் இலைக்குள்ளேயேதான் இருக்கும். காய்ந்த இலையைச் சாயங்காலம் புகை போட்டால் பலன் தெரியும். நெல் குதிரில் நொச்சி இலை போட்டதும் இதே காரணத்துக்காகத்தான். கன்று நட்டால் கொசு போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பசுமைவாசல் ஐயா கேட்ட பன்னிரண்டு மாதப் பச்சைக்கு என்னிடம் விடை இருக்கிறது. காட்டு எலுமிச்சையும் குலப்பன்னையும். இரண்டும் கோரமண்டல் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுச் செடிகள். அந்தக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆரோவில் பக்கம் அவற்றை விதை சேகரித்து மீட்டு வளர்த்திருக்கிறார்கள், ஒரு முறை போய்ப் பாருங்கள். கோடையில் புல் எரிந்து கிடக்கும்போதும் இந்தச் செடிகள் கரும்பச்சையாக நிற்கும்.

காட்டு எலுமிச்சை இலையை ஒன்று பறித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோல ஆயிரம் ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப் பை. கறிவேப்பிலையிலும் இதைப் பார்க்கலாம், அதுவும் இதே குடும்பம். நொச்சி, துளசி வகைகளில் எண்ணெய் இலைக்கு மேலே இருக்கும் நுண்முடிகளின் நுனியில் சுரக்கிறது. அதனால்தான் துளசியை லேசாகத் தடவினாலே மணக்கிறது, எலுமிச்சை இலையைக் கசக்க வேண்டியிருக்கிறது. இந்த எண்ணெய் செடிக்குக் காவல். மேயும் வாய்க்குக் கசக்கும். இன்னொன்று, யூரியாவும் தண்ணீரும் அள்ளிக் கொடுத்து வளர்த்த செடியில் இலை பெரிதாகும், வாசனை நீர்த்துப்போகும். எங்கள் வீட்டிலேயே கிணற்றடியில் நிற்கும் கறிவேப்பிலையையும் மேட்டில் நிற்கும் கறிவேப்பிலையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லிவிடலாம்.

எனக்கு இவற்றின் மேல் இன்னொரு காதலும் உண்டு. கறுப்பு வெள்ளை நிறத்தில் வரும் 'அழகன்' என்ற வகைப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடத் தேடிவருவது இந்த எலுமிச்சைக் குடும்பத்தைத்தான். குட்டிப் புழு பறவை எச்சம்போலவே இருக்கும். பயந்து மருந்து அடித்துவிடாதீர்கள்.

ஒரு குறை: காட்டு எலுமிச்சை மெதுவாகத்தான் வளரும். இடுப்பளவு வர நான்கைந்து ஆண்டு பொறுக்க வேண்டும்.

பசுமைவாசல் (கோயம்புத்தூர்)

குலப்பன்னையை வேலியாகக் கத்தரித்து நான் பார்த்ததில்லை. செய்து பார்க்க வேண்டும். பின்னணிக்கு இந்தப் பசுமைமாறாச் செடிகள், முன்னால் நொச்சியும் விராலியும் என்றால், கோடையில் முன்வரிசை இலை உதிர்த்தாலும் தோட்டம் வெறிச்சோடாது. இதை நான் ஏற்கிறேன். கன்றுகள் நல்ல உயரத்தில் கிடைப்பதில்லை என்ற சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டுப் பார்க்கிறேன்.

மலர்க்கூடை (திண்டுக்கல்)

இவ்வளவு யோசனை எதற்கு? உண்ணிச்செடி வைக்கலாமே. இலை மணக்கிறது, ஆடு தொடாது, ஐந்து நிறத்தில் பூக்கிறது, தண்ணீரே வேண்டாம்.

கொங்குவேலி (காங்கேயம்)

வேண்டவே வேண்டாம் அக்கா. உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே காரணத்தைச் சொல்லித்தான், அழகுச் செடி என்றுதான், இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் புல் முளைக்க இடமில்லாமல் படர்ந்து கிடக்கிறது. பழத்தைப் பறவை தின்று விதையை மலைவரை கொண்டுபோய்விடும். உங்கள் வாசலோடு அது நிற்காது.

தெற்குக்காற்று (அடிலெய்டு)

விராலி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது மணப்பாறைப் பக்கம். இங்கே வந்த புதிதில் ஒரு நாற்றங்காலில் வரிசையாக விராலி தொட்டிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் பந்தலுக்குக் குச்சி வெட்டும் செடி இங்கே விலைச்சீட்டுடன் நிற்கிறது! விராலி உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றிலும் இயல்பாக வளரும் செடி. அதன் பேரினத்தில் உள்ள ஏறத்தாழ எழுபது இனங்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவுக்கே உரியவை. இங்கே இதை ஹாப் புதர் என்கிறார்கள். தொடக்கத்தில் குடியேறிய ஐரோப்பியர்கள் பீர் காய்ச்ச ஹாப் என்ற கொடியின் பூவுக்குப் பதிலாக இதன் இறக்கைக் காயைப் போட்டார்களாம், அதனால் வந்த பெயர். நியூசிலாந்திலிருந்து வந்த செவ்வூதா இலை வகையும் வீடுகளில் நிறைய இருக்கிறது.

இங்கே மழை ஆண்டுக்கு 550 மில்லிமீட்டருக்குள். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். அதனால் யாரும் கோடையில் நடுவதில்லை. மழைக்குச் சற்று முன் நட்டு, முதல் கோடை வருவதற்குள் வேர் ஆழம் போகவிடுகிறார்கள். நம் ஊருக்குப் புரட்டாசிக் கடைசியே அந்த வேளை. செடிக்கு அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகோ சரளையோ பரப்புகிறார்கள், தண்டைத் தொடாமல். கடலைத்தொலி உங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்குமே.

நாடு விட்டு வந்தபின் இந்த மணம்தான் என்னை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோனது. மாலையில் தெருவில் நடக்கும்போது இன்னும் ஒரு இலையைக் கசக்காமல் அந்தப் புதரைக் கடக்க முடிவதில்லை.

வைப்பாற்றங்கரை (சாத்தூர்)

கார்த்திகை பிறந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பின் வருகிறேன். நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை.

புரட்டாசி கடைசி வாரத்தில் நட்டேன். படியின் இரண்டு பக்கமும் நொச்சி. பின்சுவர்ச் செடியிலிருந்தே விரல் கனத்தில் ஒரு சாண் குச்சிகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஆடியில் பைகளில் ஊன்றி வைத்திருந்தேன். பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன. சுவரோரம் குலப்பன்னை நான்கு, காட்டு எலுமிச்சை இரண்டு. தெருப்பக்கம் விராலி ஆறு. நடைபாதை ஓரத்தில், ஒரு நண்பர் கொடுத்த பேய்மிரட்டி.

விராலிக்கு மேடு கட்டச் சொன்னீர்கள். மூன்றுக்கு மேடு கட்டியதும் சரளை தீர்ந்துவிட்டது. மீதி மூன்றைக் குழியில் நட்டேன். ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. கரிசல் களியாகி, குழி கிண்ணம்போலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. வாரத்துக்குள் மூன்றும் தலை சாய்ந்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகக் குழைந்திருந்தது. மேட்டில் இருக்கும் மூன்றும் புதுத்தளிர் விட்டு, தளிரின் நுனி பிசினில் மின்னிக்கொண்டு நிற்கின்றன.

பேய்மிரட்டியைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இடுப்பளவு வரும், இலை கம்பளிபோல மெத்தென்று சாம்பல் பூத்திருக்கும். ஊதா நிறப் பூ இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. கடந்து போனாலே வேட்டியில் மணம் ஒட்டும். இதைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய ஆத்தா இந்த இலையைத்தான் திரியாகப் போடுவாராம். நேற்றுச் சாயங்காலம் ஒரு பச்சை இலையைப் பறித்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி, நல்லெண்ணெயில் தோய்த்து அகலில் வைத்தார். பச்சை இலை எரியுமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் சடசடத்தது, பிறகு நுனியில் சுடர் நின்றுவிட்டது. அந்த விளக்கைக் கொண்டுபோய்ப் படியோரம், நொச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். வேலி, வாசல் என்று எதுவும் சொல்லவில்லை.

விராலிக்கு இன்னும் மூன்று கன்று வேண்டும். கிடைக்குமா?

செம்மண்மேடு (புதுக்கோட்டை)

என் பெண் செடிகளில் காய் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. காய்ந்து பழுப்பானதும் விதை எடுத்து அனுப்புகிறேன். அதற்குள் ஒரு வண்டி சரளை அடித்துப் போட்டுவிடுங்கள், தம்பி.